பொதுச் சொத்தில் யாருக்கு எவ்வளவு?

தனிம வரிசை அட்டவணையின் மூன்றாவது வரிசையில் சோடியத்தில் தொடங்கி வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போங்கள். வழியில் வரும் தனிமங்களை ஒவ்வொன்றாகக் குளோரினோடு சேர்த்துப் பாருங்கள். முதலில் கிடைப்பது நம் அடுக்களை உப்பு. அதை உருக்க 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அடுத்தது மெக்னீசியம் குளோரைடு. 714 டிகிரியில் உருகும். மூன்றாவதான அலுமினியம் குளோரைடில் நிலைமை சட்டென்று மாறுகிறது. சுமார் 180 டிகிரியிலேயே, நடுவில் திரவமாகக்கூட நிற்காமல், நேராக ஆவியாகிவிடும். நான்காவது சிலிக்கான் டெட்ராகுளோரைடு. அது திண்மமே இல்லை. நிறமற்ற திரவம்; 57.6 டிகிரியில் கொதிக்கும். மூடியைத் திறந்தால் காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து வெள்ளைப் புகை கக்கும். பாஸ்பரஸ் டிரைகுளோரைடும் திரவம்தான். வரிசையின் கடைசியில் குளோரினோடு குளோரினே சேர்ந்தால் கிடைப்பது பச்சை கலந்த மஞ்சள் வாயு.

இத்தனை சேர்மங்களிலும் குளோரின் அதே குளோரின்தான். மறுபக்கத்துத் தனிமத்தின் உட்கருவில் ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு புரோட்டான் கூடுகிறது, அவ்வளவுதான். அதற்குள் பாறை போன்ற படிகம் புகையும் திரவமாகிவிடுகிறது. இந்தப் பெரிய மாற்றத்தின் பின்னால் ஒரு சின்ன எண் இருக்கிறது. பெரும்பாலும் பூஜ்யம் புள்ளி ஏழுக்கும் நான்குக்கும் இடையில் அடங்கிவிடும் அந்த எண்ணுக்குப் பெயர் எலக்ட்ரான் கவர்தன்மை.

இரண்டு அணுக்கள் பிணையும்போது அவற்றுக்கிடையே ஒரு ஜோடி எலக்ட்ரான்கள் பொதுச் சொத்தாகின்றன. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி இருவர் பெயரும் இருக்கும். விளைச்சல் யார் வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதைப் பட்டாவைப் பார்த்துச் சொல்ல முடியாது. எலக்ட்ரான் ஜோடியின் கதையும் அதுதான். ஒரே மாதிரியான இரண்டு அணுக்கள் என்றால் பங்கு சரிபாதி. வேறு வேறு அணுக்கள் என்றால் வலுத்தவர் பக்கம் ஜோடி சாய்கிறது. அந்தச் சாய்வு முற்றிப்போனால் ஒருவர் எலக்ட்ரானை முழுசாகவே எடுத்துக்கொண்டு எதிர்மின் அயனியாகிறார். இழந்தவர் நேர்மின் அயனியாகிறார். சகப்பிணைப்பு, அயனிப் பிணைப்பு என்று பள்ளியில் இரண்டு தனித்தனிப் பாடங்களாகப் படித்தோமே, அவை ஒரே கோட்டின் இரண்டு முனைகள். இயற்கையில் பெரும்பாலான பிணைப்புகள் இடைப்பட்ட தூரத்தில்தான் இருக்கின்றன.

இந்த எண்ணம் ஒரேயடியாக வந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ், சேர்மங்களை மின்சாரம் பிரிப்பதைப் பார்த்து, எல்லாப் பிணைப்பும் நேர்மின்னும் எதிர்மின்னும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் உண்டாவதே என்று அறுதியிட்டார். ஒரு முனையில் ஆக்சிஜனையும் மறுமுனையில் பொட்டாசியத்தையும் நிறுத்தித் தனிமங்களை வரிசைப்படுத்தினார். எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாத காலம் அது. அந்த வரிசையின் போக்கு ஏறத்தாழச் சரி என்பது இன்று பார்க்கும்போதும் வியப்பாகவே இருக்கிறது.

ஆனால் அவருடைய கொள்கைக்குப் பிரான்சிலிருந்து ஓர் அடி விழுந்தது. 1839-இல் துய்மா என்ற வேதியியலாளர் அசெட்டிக் அமிலத்தில் (வினிகரின் புளிப்புக்குக் காரணமான அமிலம்) மூன்று ஹைட்ரஜன் அணுக்களை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் குளோரினை அமர்த்திக் காட்டினார். பெர்சீலியஸின் கணக்குப்படி ஹைட்ரஜன் நேர்மின் சார்புள்ளது, குளோரின் எதிர்மின் சார்புள்ளது. நேர் எதிரான ஒன்றை அதே இடத்தில் உட்கார வைத்தால் மூலக்கூறு குலைந்துபோக வேண்டும். குலையவில்லை. பழையதைப் போலவே இதுவும் ஓர் அமிலமாக நின்றது. அதோடு, இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று பிணைகின்றன என்ற கேள்விக்கும் பெர்சீலியஸ் தரப்பில் பதில் இல்லை. மின் கொள்கை மெல்ல ஒதுக்கப்பட்டது.

துய்மா தயாரித்த அந்த டிரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தை இன்று அளந்தால் வேறொன்று தெரியும். சாதாரண அசெட்டிக் அமிலத்தைவிட அது சுமார் பத்தாயிரம் மடங்கு வலிமையான அமிலம். மூன்று குளோரின்களும் எலக்ட்ரான்களைத் தம் பக்கம் இழுக்கின்றன. அந்த இழுப்பு கார்பன் வழியாக மறுமுனைவரை பரவி, அமில ஹைட்ரஜனின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பெர்சீலியஸை வீழ்த்தக் கொண்டுவந்த சாட்சியே பின்னாளில் அவர் பக்கம் பேசியது! இருவரும் பாதி சரி, பாதி தவறு என்பதுதான் என் தீர்ப்பு. பெர்சீலியஸ் மின்சாரத்தைக் கண்டார், பகிர்வைக் காணவில்லை. அந்தப் பகிர்வைச் சொல்ல 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் வரவேண்டியிருந்தது. ஒரு பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான் என்றார் அவர்.

பகிர்வையும் மின்சாரத்தையும் சேர்த்துக் கட்டியவர் லைனஸ் பாலிங். கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது 1932-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் உள்ள கணக்கை, ஒரு துண்டுத் தாளில் நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க 436 கிலோ ஜூல் ஆற்றல் வேண்டும். குளோரினைப் பிரிக்க 243. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்த ஹைட்ரஜன் குளோரைடில் பங்கு சரிபாதி என்று வைத்துக்கொண்டால், பிணைப்பின் வலிமை இரண்டுக்கும் நடுவே, சுமார் 339.5 இருக்க வேண்டும். அளந்தால் 431 வருகிறது. அதாவது 91.5 கிலோ ஜூல் கூடுதல். இந்த உபரி எங்கிருந்து வந்தது? பங்கு சரிபாதி இல்லை என்பதிலிருந்துதான் என்றார் பாலிங். குளோரின் பக்கம் எலக்ட்ரான் சாய்ந்ததால் அங்கே சற்று எதிர்மின்னும் ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்னும் தோன்றுகின்றன. இரண்டும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் பிணைப்பு கூடுதலாக இறுகுகிறது. அந்த 91.5-ஐ எலக்ட்ரான் வோல்ட் அலகுக்கு மாற்ற 96.5-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். சுமார் 0.97 வரும். இப்போது கவர்தன்மை அட்டவணையைப் பாருங்கள்: குளோரின் 3.16, ஹைட்ரஜன் 2.20. வித்தியாசம் 0.96.

கருவி எதுவும் தொட்டுப் பார்க்க முடியாத ஒரு சாய்வை, வினைகளில் வெளிப்படும் வெப்பத்தை மட்டும் வைத்து எண்ணாக்கியிருக்கிறார் மனிதர். இந்த எண்கள் தனி அணுவின் குணம் அல்ல என்பதையும் இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது. கிடைப்பது எப்போதும் இரண்டு அணுக்களுக்கு இடையிலான வித்தியாசம்தான். ஓர் அணுவின் எடையைத் தனியாகச் சொல்லலாம். அதன் கவர்தன்மைக்கு எதிரே இன்னொருவர் வேண்டும். 1934-இல் மல்லிகன் என்ற அறிவியலாளர் வேறு வழியில் வந்தார். ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆகும் ஆற்றலையும், அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் அது வெளிவிடும் ஆற்றலையும் கூட்டிச் சராசரி எடுத்தார். பாதை வேறானாலும் கிட்டத்தட்ட அதே வரிசைதான் வந்தது.

வரிசையின் ஓட்டத்துக்குக் காரணம் கடினமானதல்ல. இடமிருந்து வலம் போகப்போக உட்கருவில் புரோட்டான்கள் கூடுகின்றன; எலக்ட்ரான் கூடுகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஆகவே பிடி இறுகுகிறது. மேலிருந்து கீழே வந்தால் கூடுகள் அடுக்கடுக்காகச் சேர்கின்றன, வெளி எலக்ட்ரானுக்கும் உட்கருவுக்கும் தூரம் கூடுகிறது, பிடி தளர்கிறது. வலது மேல் மூலையில் ஃபுளூரின், 3.98. இடது கீழ் மூலையில் சீசியம், 0.79. மற்ற தனிமங்களின் வேதியியல் பெரும்பாலும் இந்த இரண்டு மூலைகளுக்கு இடையில் நடக்கிறது.

நம் கைக்கு எட்டும் தூரத்தில் இதை எங்கே பார்ப்பது என்றால், தண்ணீரில்தான். ஆக்சிஜன் 3.44, ஹைட்ரஜன் 2.20. எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் நன்றாகவே சாய்கின்றன. அதோடு மூலக்கூறு நேர்க்கோடாக இல்லாமல் 104.5 டிகிரி கோணத்தில் வளைந்திருக்கிறது. ஒரு பக்கம் எதிர்மின், மறுபக்கம் நேர்மின். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்பு உண்மையான பிணைப்பில் இருபதில் ஒரு பங்கு வலுவுள்ளதுதான். ஆனால் கணக்கற்ற மூலக்கூறுகள் ஒன்றையொன்று இப்படிப் பற்றியிருந்தால் எப்படி இருக்கும்?

ஆக்சிஜனுக்கு நேர் கீழே இருக்கும் கந்தகத்தைப் பாருங்கள். அதன் கவர்தன்மை 2.58 மட்டுமே. நீரைப் போன்ற அமைப்புள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீரைவிட எடை கூடிய மூலக்கூறாக இருந்தும், மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடுகிறது. அந்தக் குடும்பத்தின் வழக்கப்படி, எடை குறைந்த நீர் அதற்கும் கீழேயே கொதித்திருக்க வேண்டும். 100 டிகிரி வரை பொறுமையாக நிற்கிறது. ஆறும் ஏரியும் நம் ரத்தமும் திரவமாக இருப்பது ஆக்சிஜனின் இந்த இழுப்பினால்தான்.

நீர் முனைவுள்ளது என்பதால்தான் உப்பு அதில் கரைகிறது. சோடியம் அயனியை ஆக்சிஜன் முனைகளும் குளோரைடு அயனியை ஹைட்ரஜன் முனைகளும் சூழ்ந்துகொண்டு, 801 டிகிரி வெப்பம் செய்கிற வேலையை அறை வெப்பத்திலேயே செய்துமுடிக்கின்றன. எண்ணெயில் கதை வேறு. அது பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும். கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20, வித்தியாசம் வெறும் 0.35. சண்டையே இல்லாத குடும்பம். நீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் கைகோத்துக்கொண்டு எண்ணெயை வெளியே தள்ளிவிடுகின்றன.

நம் சமையலில் தாளிப்புக்கு ஏன் எண்ணெய் என்ற கேள்விக்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. மஞ்சளின் குர்குமின், மிளகின் பைப்பரின், மிளகாயின் காப்சைசின் எல்லாமே கார்பன் ஹைட்ரஜன் எலும்புக்கூடு மிகுந்த மூலக்கூறுகள். தண்ணீரில் சரியாகக் கரையாது. எண்ணெயில் நன்றாக இறங்கும். மிளகாயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் எரிச்சல் அடங்காததும் இதனால்தான். பாலோ மோரோ குடியுங்கள். அதிலுள்ள கேசின் புரதம் காப்சைசினைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும். மஞ்சள் கறை பட்ட வேட்டியைத் தண்ணீரில் அலசிப் பயனில்லை, சோப்பு வேண்டும். சோப்பு மூலக்கூறின் வால் கார்பன் ஹைட்ரஜன், தலை அயனி. எண்ணெயோடு வால் சேரும், நீரோடு தலை சேரும்.

இனி வரிசையின் உச்சியில் இருக்கும் ஃபுளூரினிடம் போவோம். சேர்மங்களில் அது இருப்பது தெரிந்தும், தனியே பிரிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த முயற்சியில் நஞ்சேறி உயிரைவிட்ட வேதியியலாளர்களும் உண்டு. ஃபுளூரைடு அயனி எடுத்துக்கொண்ட எலக்ட்ரானைத் திரும்பப் பிடுங்க, அதைவிட வலுத்த ஆள் வேதியியலில் இல்லையே! 1886-இல் பிரான்சின் ஆன்றி முவாசான் மின்சாரத்தைக் கொண்டு பிடுங்கினார். 1906-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மின்சாரம் இல்லாமல் வேதிவினையால் மட்டுமே ஃபுளூரினை விடுவிக்கச் சரியாக நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது: 1986-இல் கார்ல் கிறிஸ்டே அதைச் செய்தார்.

இவ்வளவு மூர்க்கமான தனிமம், எலக்ட்ரான் கிடைத்துவிட்டால் பரம சாது. 1938 ஏப்ரல் 6 அன்று அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட், வாயு நிரப்பிய உருளை ஒன்று எடை குறையாமலே வாயு வருவது நின்றுபோனதைக் கண்டு, அதை அறுத்துப் பார்த்தார். உள்ளே வழுவழுப்பான வெள்ளைப் பொடி. அதுதான் டெஃப்லான். கார்பன் சங்கிலியைச் சுற்றி ஃபுளூரின் போர்த்தியிருக்கிறது. எலக்ட்ரான்களை ஃபுளூரின் இறுக்கிப் பிடித்திருப்பதால், பக்கத்தில் வரும் வேறு மூலக்கூறுகளோடு உறவாட அவற்றுக்கு இடமே இல்லை. தோசை ஒட்டாத கல்லின் ரகசியம் அதுதான். அதே பிடிப்புதான் தொல்லையும்கூட. கார்பன் ஃபுளூரின் பிணைப்பை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 485 கிலோ ஜூல் வேண்டும். நுண்ணுயிர்களால் அது எளிதில் ஆகிற காரியமில்லை. அதனால் இவ்வகைச் சேர்மங்கள் பல மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன. ஃபுளூரைடு அயனிக்குக் கால்சியத்தின் மேல் ஒட்டுதல் அதிகம். அளவோடு இருந்தால் பல்லுக்கு நல்லது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் கெடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே நிலத்தடி நீரில் இருந்த இந்த ஃபுளூரைடால்தான்.

ஃபுளூரினின் வலிமையை உரசிப் பார்த்த நாள் 1962 மார்ச் 23. மந்த வாயுக்கள் யாரோடும் சேராதவை என்று பாடநூல்கள் அடித்துச் சொன்ன காலம். செனானும் ஃபுளூரினும் சேரக்கூடும் என்று பாலிங் 1933-லேயே எழுதியிருந்தார். அப்போது செய்து பார்த்தவர்களுக்குக் கைகூடவில்லை. கனடாவின் வான்கூவரில் நீல் பார்ட்லெட், பிளாட்டினத்தோடு ஆறு ஃபுளூரின்கள் சேர்ந்த சிவந்த ஆவி ஒன்று ஆக்சிஜன் மூலக்கூறிடமிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டிருந்தார். ஆக்சிஜனே பறிகொடுக்கிறது! ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுக்க மோலுக்குச் சுமார் 1175 கிலோ ஜூல். செனானுக்குச் சுமார் 1170. அப்படியானால் செனானிடமும் பறிக்கலாமே? இரண்டு வாயுக்களுக்கும் நடுவே இருந்த கண்ணாடித் தடுப்பை உடைத்தார். கண்ணெதிரே ஆரஞ்சு மஞ்சள் நிறத் திண்மம் படிந்தது. அன்றோடு மந்த வாயுக்களின் பிரம்மச்சரியம் முடிந்தது.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கவர்தன்மை வித்தியாசம் 1.7-க்கு மேல் என்றால் அயனிப் பிணைப்பு, கீழே என்றால் சகப்பிணைப்பு என்று மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வுக்கு உதவும், பொருள்களுக்கு அது தெரியாது. சிலிக்கானுக்கும் ஃபுளூரினுக்கும் வித்தியாசம் 2.08. விதிப்படி சிலிக்கான் டெட்ராஃபுளூரைடு உப்பைப் போன்ற திண்மமாக இருக்க வேண்டும். அது அறை வெப்பத்தில் வாயு. நான்கு ஃபுளூரின்களும் சிலிக்கானைச் சுற்றிச் சீராக நிற்பதால் நான்கு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. மூலக்கூறு மொத்தத்தில் முனைவற்றது. பக்கத்து மூலக்கூறோடு பெரிதாக ஒட்டுவதில்லை. கார்பன் டைஆக்சைடும் அப்படித்தான். இழுப்பு எவ்வளவு என்பதோடு எந்தத் திசையில் என்பதையும் பார்க்காவிட்டால் கணிப்பு பிசகும். கார்பன் மோனாக்சைடு இன்னும் வம்பானது. ஆக்சிஜன்தான் வலுத்தது என்றாலும், அளந்து பார்த்தால் மெல்லிய எதிர்மின் சாய்வு கார்பன் பக்கம் இருக்கிறது. அதன் எலக்ட்ரான் அமைப்பு முழுவதையும் போட்டுப் பார்த்தால்தான் அது விளங்கும். இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்து அல்ல.

கடைசியாக நம் எல்லோருக்கும் பிடித்த உலோகம். வெள்ளி 1.93, செம்பு 1.90. தங்கமோ 2.54, ஏறத்தாழக் கார்பனுக்குச் சமம், அயோடினின் 2.66-க்குப் பக்கம். உலோகங்களிடையே இது அசாதாரண உயரம். தங்கத்தின் உட்கருவில் 79 புரோட்டான்கள். அவற்றின் ஈர்ப்பில் உள் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலாகச் செல்ல, ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் கூடுகள் சுருங்குகின்றன; வெளி எலக்ட்ரானின் மேலும் பிடி இறுகுகிறது. தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்கும் இதே சார்பியல்தான் காரணம். செம்பு பச்சை பூத்து, வெள்ளி கறுத்துப்போன பெட்டியில் தங்கம் மட்டும் அப்படியே இருப்பது, அது தன் எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காததால்.

விட்டுக்கொடுக்காதது மட்டுமில்லை, ஆள் இளைத்தவர் என்றால் பறிக்கவும் செய்யும். சீசியத்தோடு தங்கத்தைச் சேர்த்தால் நகைக்கடைக்காரர் எதிர்பார்க்கிற உலோகக் கலவை கிடைக்காது. கவர்தன்மை வித்தியாசம் 1.75. சீசியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட, தங்கம் எதிர்மின் அயனியாகி, குளோரினின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. சீசியம் ஆரைடு என்ற அந்தச் சேர்மம் சீசியம் குளோரைடின் படிக அமைப்பையே கொண்டது. உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்தாது. அதில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வெளியேறும், சீசியம் ஹைட்ராக்சைடு கரையும், அடியில் மறுபடியும் தங்கம் படியும்.